கடைசி ஏட்டில் மாறும் குணம்

மாலிப்டினைட் ஈய நிறத்தில் மின்னும் கனிமம். தொட்டால் விரலில் கறை ஒட்டும். எந்திரங்களின் உராய்வைக் குறைக்கும் மசகுப் பொருளாகவே அதைப் பலரும் அறிவார்கள். ஆனால் அந்தப் படிகத்தை ஏடு ஏடாக உரித்து ஒரே ஓர் ஏட்டில் நிறுத்தினால், அதன் குணமே மாறிவிடுகிறது.

உரிக்கும் வித்தையைக் காட்டியவர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். கிராஃபைட்டை ஒட்டு டேப்பால் உரித்து, 2004-ல் கிராபீனை உலகுக்கு அறிவித்தார்கள். 2010-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் கிராபீனில் ஆற்றல் இடைவெளி, அதாவது எலெக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி, இல்லை. அதனால் அதில் மின்னோட்டத்தை முழுதாக நிறுத்த முடியாது. நிறுத்த முடியாத பொருளை வைத்துக் கணினிச் சில்லு செய்வது கடினம்.

மாலிப்டினைட்டின் ஓர் ஏடு, அதாவது மாலிப்டினம் டைசல்பைடு, இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது; அதில் ஆற்றல் இடைவெளி உண்டு. நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம் என மூன்று அணு உயரம்; தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர். கட்டியாக இருக்கையில் இது ஒளிர்வதே அரிது. மேல்மட்ட எலெக்ட்ரான் கீழிறங்கி ஒளி உமிழ வேண்டுமானால் உந்தத்தையும் மாற்றிக்கொண்டாக வேண்டும். ஒற்றை ஏட்டில் நேராக இறங்கலாம். அதனால் பளிச்சென ஒளிர்கிறது. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் லொசானில் ஆந்த்ராஸ் கிஸ் குழு இதில் டிரான்சிஸ்டர் செய்தது. திறந்த நிலை மின்னோட்டம் மூடிய நிலையைப்போல 10 கோடி மடங்கு இருந்தது.

ஏடுகளை உரித்து அடுக்கும் வேலையை அருகிருந்து பார்த்தால்தான் அதன் அருமை புரியும். டேப்பில் உரித்த துணுக்குகளை ஆக்சைடு படிந்த சிலிக்கான் தகட்டில் அழுத்தி, நுண்ணோக்கியில் தேடுவார்கள். தடித்த துணுக்குகள் பளபளக்கும். ஒற்றை ஏடு வெளிறிய நிழலாகத்தான் தெரியும். அதைப் பாலிமரால் பிடித்துத் தூக்கி, இன்னோர் ஏட்டின்மேல் கோணம் பிசகாமல் வைக்க வேண்டும். இப்படிச் சுமார் 4 டிகிரி திருகி அடுக்கிய, அதே குடும்பத்தைச் சேர்ந்த மாலிப்டினம் டைடெல்லுரைடு ஏடுகளில், 2023-ல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஓர் அதிசயத்தைக் கண்டது. வெளிக் காந்தப்புலம் இல்லாமலே, எலெக்ட்ரானின் மின்சுமையில் ஒரு பின்னத்தை மட்டும் சுமப்பவை போன்ற துகள்கள் கடுங்குளிரில் தோன்றின. பிழைகளைத் தாங்கும் குவாண்டம் கணினிக்கு இவற்றின் உறவுத் துகள்கள் உதவும் என்பது இத்துறையின் பெரிய நம்பிக்கை.

இத்தகைய சோதனைகளில் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்பது ஜப்பானின் ட்சுகுபாவில் தகாஷி தனிகுச்சியும் கென்ஜி வதனாபேயும் பேரழுத்தத்தில் வளர்த்தெடுத்த போரான் நைட்ரைடு படிகம். மெல்லிய ஏடுகளை அதனிடையே பொதிந்தால், மேடுபள்ளமும் அழுக்கும் எலெக்ட்ரான்களைக் குலைக்காது. அந்தப் படிகங்களை இருவரும் உலகெங்கும் உள்ள ஆய்வகங்களோடு பகிர்ந்துகொண்டார்கள்.

2025-ல் சீனாவின் ஃபூதான் பல்கலைக்கழகம் 5,900 மாலிப்டினம் டைசல்பைடு டிரான்சிஸ்டர்கள் கொண்ட செயலியை வெளியிட்டது. குவாண்டம் சாதனங்களும் அந்த அளவுக்கு வளர வேண்டுமானால், பழுதற்ற ஏடுகள் உள்ளங்கை அகலத்துக்குக் கிடைத்தாக வேண்டும். எனவே குவாண்டம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் எந்த நாடும், படிகம் வளர்க்கும் உலைக்கும் அதைப் பொறுமையாகக் கவனிக்கும் கைகளுக்கும் முதல் பங்கைத் தர வேண்டும்.