ஸ்பினலொங்காத் தீவில் ஒரு பகல்

கிறீற் தீவின் கிழக்குப் பகுதியில் அயியோஸ் நிக்கொலாவோஸ் என்றொரு சிறு துறைமுகப் பட்டினம் உண்டு. ஊரின் நடுவே வட்டவடிவான ஓர் ஏரி. அதனைக் கடலோடு இணைப்பது ஒடுங்கிய ஒரு கால்வாய். அவ்வேரிக்கு அடியே கிடையாதென்று அவ்வூரார் நெடுங்காலம் நம்பியிருந்தனர். நிலாவரைக் கிணற்றுக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் பெருமைதான் அது. அளந்து பார்த்தபோது ஏறத்தாழ 64 மீற்றர் ஆழமெனக் கண்டனர். உலகெங்கும் மனிதர் ஒரே மாதிரியாகவே கதை கட்டுகின்றனர் என்று எண்ணிக்கொண்டு, 2023ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஒரு நாட்காலை அத்துறைமுகத்திலே படகுக்காகக் காத்து நின்றேன்.

ஜேர்மனியில் வாழும் என் தங்கையும் மைத்துனரும் அவ்வாண்டு விடுமுறையைக் கிறீற்றில் கழிக்க ஒழுங்கு செய்திருந்தனர். "அண்ணா, நீங்களும் வாருங்கோ. சரித்திரம் படிப்பிக்கிற நீங்கள் பார்க்காமல் வேறை ஆர் பார்க்கிறது?" என்று தங்கை தொலைபேசியில் வற்புறுத்தினாள். இருபது ஆண்டுகளாகக் கிரேக்க வரலாற்றைக் கரும்பலகையில் எழுதி அழித்தவனுக்கு அதற்குமேல் அழைப்பு வேண்டியதில்லை. குனோசஸ் அரண்மனையையும் இராக்லியோன் நூதனசாலையையும் முதலிரு நாட்களில் பார்த்து முடித்தோம். மூன்றாம் நாள் படகுப் பிரயாணம் பிள்ளைகளுக்காக வைத்தது. 'கோட்டைத் தீவு, நீராடல், படகில் மதிய உணவு' என்று விளம்பரப் பலகை கூறிற்று. கோட்டை வெனிசியர் கட்டியது என்பதைத் தவிர நான் வேறொன்றும் அறிந்திலேன்.

இரண்டு தட்டுகள் கொண்ட மரப்படகு. மேற்றட்டிலே நிழற்கூரையும் நீண்ட வாங்குகளும் இருந்தன. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும்போது ஒருவர்மேல் ஒருவராக நின்று பழகிய எனக்கு, தலைக்கொரு இருக்கையும் மேலங்கியும் தந்து ஏற்றிய ஒழுங்கு பெரிதும் பிடித்தது. இசைதான் சற்று அதிகம். வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். ஒவ்வொரு செய்தியையும் முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் ஜேர்மன் மொழியிலும் சொன்னார். துறைமுகத்துக்கு எதிரேயுள்ள சிறு தீவைக் காட்டி, கிறீற்றுக்கே உரிய 'கிறி கிறி' என்னும் காட்டாடுகளை அங்கே விட்டு வளர்த்த கதையைக் கூறினார். பிள்ளைகள் தொலைநோக்கியால் வெகுநேரம் தேடினர். ஓர் ஆடும் தரிசனம் தரவில்லை. பின்னர் எலுந்தாக் குடாவை அணுகும்போது, கடலுள் ஆழ்ந்துபோன ஒலூஸ் என்னும் பழைய நகரம் இருந்த இடத்தைச் சுட்டினார்.

அதன்பின் கோட்டை தெரிந்தது. கடலிலிருந்து நேராக எழும் வளைந்த மதில். அதன்மேல் மஞ்சள் நிறக் குன்று. குன்றின் சரிவெங்கும் கூரையற்ற கல்வீடுகள். வெனிசியர் இக்கோட்டையை 1579இல் கட்டத் தொடங்கினர். 1669இல் கிறீற் முழுவதும் துருக்கியர் கைப்பட்ட பின்னரும், ஸ்பினலொங்காவும் சூடா என்னும் மற்றொரு தீவுக்கோட்டையும் 1715 வரை வெனிசியர் வசமே இருந்தன. அப்பால் துருக்கியர் ஆட்சியில் அது ஒரு முஸ்லிம் கிராமமாயிற்று. இவ்வளவையும் நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். வழிகாட்டியார் அத்துடன் நிறுத்தவில்லை. படகோட்டியிடம் சைகை காட்டி இசையை நிறுத்துவித்து, வேறொரு குரலில் பேசத் தொடங்கினார்.

1903இல் அன்றைய கிறீற் அரசு இத்தீவைத் தொழுநோயாளருக்கென ஒதுக்கியது. அதற்கு முன்னர் அவர்கள் ஊர்ப்புறங்களிலே ஒதுக்கிடங்களில் இரந்து வாழ்ந்தவர்கள். 1904இல் முதற்கூட்டத்தார் கொண்டுவரப்பட்டனர். 1913இல் கிறீற் கிரேக்க நாட்டுடன் இணைந்த பின்னர் நாட்டின் பிற பாகங்களிலிருந்தும் நோயாளர் வந்தனர். 1957 வரை, அரை நூற்றாண்டுக்கு மேலாக, இத்தீவு அவர்களது ஊராக இருந்தது.

தங்கையின் மூத்த மகள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, என் அருகில் இருந்தவள், "மாமா, லெப்ராவுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?" என்று கேட்டாள்.

"தொழுநோய்" என்றேன். சிறிது நேரம் கழித்து, "எங்கடை வீட்டிலை பெரிய வியாதி எண்டு சொல்லுவினம்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தங்கை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இறங்குதுறையிலிருந்து கோட்டைக்குள் செல்வதற்கு மதிலைக் குடைந்தமைத்த ஒரு வளைவான இருள்வழி உண்டு. வெயிலிலிருந்து அதனுள் நுழைந்ததும் சற்று நேரம் கண் தெரிவதில்லை. இதற்குத் 'தாந்தேயின் வாயில்' என்று பெயர். நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவிஞரை நினைத்து இட்ட பெயர்தான். அதைக் கேட்குமுன்னரே பிள்ளைகளை வாயிலில் நிறுத்தி நான் ஒரு புகைப்படம் எடுத்துவிட்டேன். அதை அழிக்கவும் மனம் வரவில்லை. பிறருக்குக் காட்டவும் மனம் வரவில்லை.

வழியின் மறுபுறம் நரகம் இல்லை; ஒரு கடைத்தெருதான் இருக்கிறது. மரக்கதவும் மரப்பலகணியும் பொருத்திய சிறு வீடுகள், கடைகள், ஒரு கோப்பிக்கடை இருந்த இடம், மழைநீர் சேர்த்துவைத்த பெரிய தொட்டிகள், அர்ச். பந்தலெய்மோன் ஆலயம், சற்று மேலே வைத்தியசாலை. அரசாங்கம் நோயாளருக்கு மாதந்தோறும் சிறு உதவிப்பணம் கொடுத்தது. எதிர்க்கரையிலுள்ள பிளாக்காக் கிராமத்தார் மரக்கறியும் மீனும் கொண்டுவந்து விற்று அப்பணத்தைப் பெற்றுச் சென்றனர். காசும் கடிதமும் தொற்றுநீக்கிய பின்னரே தீவை விட்டு வெளியேறும். வறண்ட அக்கரையிலே உழைத்தும் கிடையாத காசு, நோயாளர் கையிலிருந்து வந்தது. நோயை அஞ்சியவர்களும் அந்தக் காசை அஞ்சவில்லை. பிளாக்கா வீடுகளின் யன்னல்களை இங்கிருந்தே எண்ணலாம். படகில் சென்றால் பத்து நிமிடத்துக்கு மேற்படாது.

வழிகாட்டியார் மிகுந்த மதிப்புடன் சொன்ன பெயர் ஒன்று: எப்பமினோண்டாஸ் இறெமுண்டாக்கிஸ். அதென்ஸ் நகரில் சட்டம் பயின்ற மாணவர். 1936இல், ஏறத்தாழ இருபத்திரண்டு வயதில், நோயாளராக இத்தீவுக்கு வந்தார். வந்த அவ்வாண்டிலேயே நோயாளர் சகோதர சங்கத்தை அமைத்தார். அதற்கு முன்னர் இங்கு வந்தவர்கள் இறக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தனர் என்பர். அவரோ வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் செய்தார், தெருக்களைச் சுத்தஞ் செய்வித்தார், மரம் நடுவித்தார், பள்ளிக்கூடமும் நாடக அரங்கும் உண்டாக்கினார். ஒலிபெருக்கி வைத்துத் தெருவிலே சங்கீதம் கேட்கச் செய்தார். அக்கரைக் கிராமங்களில் எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் இத்தீவில் இயந்திரத்தால் மின்விளக்கு எரிந்தது. சட்டம் விலக்கியிருந்தும் இங்கே மக்கள் மணம் புரிந்தனர், குழந்தைகளும் பிறந்தன. தம்மை நோயாளர் என்று இரங்குவதையே வெறுத்த அம்மனிதர் பிற்காலத்திற் பார்வையிழந்தார்.

வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் எனக்கொரு குறை. இத்தகைய ஊரைப் பார்ப்பதற்கு எங்களுக்கு விடப்பட்டது ஒன்றரை மணி நேரமே. நீராடுவதற்கும் உண்பதற்கும் அதைவிட அதிகம்.

நோயின் செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். மாணவர்கள் கவனித்தல் நன்று. தொழுநோய் பரம்பரை நோயன்று, பாவத்தின் பலனுமன்று. ஒரு கிருமியால் வருவது. அக்கிருமியை நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் 1873இலேயே கண்டுபிடித்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதனை எதிர்க்கும் வலிமை பிறவியிலேயே உண்டு. பயன்தரும் மருந்து 1941இல் அமெரிக்காவில் கார்வில் வைத்தியசாலையிற் பரீட்சிக்கப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் அவ்வகை மருந்து ஸ்பினலொங்காவுக்கும் வந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்துள் நோயாளி பிறருக்கு நோயைத் தொற்றவைக்கும் நிலையிலிருந்து நீங்குகிறார். வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்ளலாம்.

அப்படியாயின் 1957இல் தீவு மூடப்பட்டபோது எல்லோரும் வீடு திரும்பினரா? குணமடைந்த பலர் முன்னரே வெளியேறியிருந்தனர். எஞ்சியவர்களை அதென்சை அடுத்துள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். இறெமுண்டாக்கிஸும் அங்கேதான் வாழ்ந்தார். தீவில் ஒரு மதகுரு மாத்திரம் 1962 வரை தனித்திருந்தார். இறந்தவருக்கு ஐந்தாண்டு நிறைவிலும் நினைவு வழிபாடு செய்தல் அவர்கள் திருச்சபை வழக்கம். அக்கடனை முடித்தே அவர் வெளியேறினார்.

தீவின் மறுகோடியில் மயானம். சீமெந்தினால் மூடிய கல்லறைகள், பெயர் எழுதாதவை. மற்றவர்கள் முன்னே சென்றுவிட்டனர். நான் மாத்திரம் சிறிது நின்றேன்.

என் தாயார் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவு என்றொரு தீவு உண்டு. தொழுநோய் வைத்தியசாலை இருந்த தீவு. என் அம்மம்மாவின் தமையனார் கைதேர்ந்த தச்சர். 1955இல் அவரை அங்கே கொண்டு சென்றனர். எங்கள் வீட்டில் அவர் பெயரை எவரும் சொன்னதில்லை. அப்படியொருவர் இருந்தாரென்பதே, அம்மம்மா தம் கடைசிக் காலத்தில் என்னிடம் தனியே சொன்னதால்தான் எனக்குத் தெரியும். தைப்பொங்கலன்று முதற் பொங்கலில் ஒரு சிறு ஏதனம் எடுத்து வைத்து, வைத்தியசாலையில் வேலை செய்த ஒருவர் மூலம் அனுப்புவாராம். சில ஆண்டுகளின் பின் அவர் குணமடைந்துவிட்டார். வீட்டுக்கு வரலாமா என்று கேட்டுக் கடிதம் எழுதினார். வீட்டிலே மூன்று பெண்பிள்ளைகள் கலியாணத்துக்கு இருந்தனர். "இப்ப வரவேண்டாம்" என்று பதில் போயிற்று. அப்பதிலை எழுதிய கை அம்மம்மாவினுடையதே. அந்த மூவரில் இளையவர் என் தாயார். மூன்று கலியாணங்களும் குறைவின்றி நடந்தன. பின்னர் எவரும் அவரை அழைக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

படகுச் சங்கு ஊதியது. ஓட்டமும் நடையுமாகத் துறையை அடைந்தேன்.

கொலோகித்தாக் குடாவில் நங்கூரமிட்டபோது இசை மறுபடி எழுந்தது. நீர் பச்சைக் கண்ணாடி போன்றிருந்தது. பிள்ளைகள் குதித்து நீந்தினர், மைத்துனரும் இறங்கினார். இறைச்சி சுடும் புகை படகைச் சூழ்ந்தது. சைவ உணவினனாகிய எனக்குப் பாணும் தக்காளியும் ஆட்டுப்பாற் கட்டியும் ஒலிவங்காயும் தந்தனர். ஒலிவெண்ணெயும் தேசிக்காயும் உப்பும் சேர்த்த அத்தக்காளியின் சுவையை இன்னும் மறக்கவில்லை.

நீந்திக் களைத்த மருமகள் துவாயைப் போர்த்துக்கொண்டு என்னருகில் வந்திருந்தாள். கையிலே வழிகாட்டியார் கொடுத்த படத்தாள். 2005இல் விக்ரோறியா ஹிஸ்லொப் என்னும் ஆங்கில எழுத்தாளர் இத்தீவைப் பற்றி எழுதிய நாவலுக்குப் பின்னர்தான் இவ்வளவு பேர் வரத் தொடங்கினர் என்று அவர் சொல்லியிருந்தார். பிள்ளை அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"மாமா, மருந்து வந்து சுகமான பிறகும் ஏன் கொஞ்சப் பேர் வீட்டை போகேல்லை?"

"வீட்டுக்காரர் வரச்சொல்லேல்லை" என்றேன்.

"ஏன்?"

தங்கை எதிர்வாங்கில் இருந்தாள். "அண்ணா, பிள்ளையோடை இதெல்லாம் ஏன்?" என்றாள். அப்போதுதான் அவளுக்கும் தெரியும் என்பதை அறிந்தேன். அம்மம்மா அவளிடமும் தனியே சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் வளர்ந்த நாங்கள் இருவரும் இத்தனை ஆண்டுகளாக ஒருவரிடமிருந்து ஒருவர் இதை மறைத்து வைத்திருந்தோம்.

நான் பிள்ளைக்கு முழுவதையும் சொன்னேன். பொங்கல் ஏதனத்தையும் சொன்னேன். அந்தப் பதில் கடிதத்தையும் மறைக்கவில்லை. தங்கை தடுக்கவில்லை. இடையில், அவர் செய்த சிறு மரப்பெட்டி ஒன்று அம்மம்மாவின் அலுமாரியில் இருந்ததென்றும், அதற்குள் அம்மம்மா மருந்துச் சரைகளை வைத்திருந்தாரென்றும் அவளே எடுத்துச் சொன்னாள். அது எனக்குத் தெரியாத செய்தி.

"அவருக்கு என்ன பேர்?" என்று பிள்ளை கேட்டாள்.

சொன்னேன். வாய்விட்டு அப்பெயரை நான் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் படத்தாளின் பின்புறத்தில் அதைத் தமிழில் எழுதிக் காட்டினாள். ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுத்தேன். இங்கும் அதை எழுதவே எண்ணியிருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் தாயாரிடம் கேட்டேன். எழுபத்தைந்து வயதைக் கடந்த அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இன்னும் பேத்திமார் இருக்கினமடா" என்றார்.