ஒரு கிராம ஆஸ்பத்திரி, மூன்று கஜானா

திருவனந்தபுரம் தலைமைச் செயலக வாசலில் 2025 பிப்ரவரி 10 அன்று, வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்கள் இரவு பகல் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாயாக இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும், ஓய்வுபெறும்போது 5 லட்சம் தர வேண்டும் என்பது கோரிக்கை. 50ஆம் நாள் தலைமுடியை வெட்டி எறிந்தார்கள். போராட்டம் தொடங்கி எட்டரை மாதத்துக்கு மேலான பிறகு, நவம்பர் 1 அன்று எழுந்தபோது கையில் வந்திருந்தது ஆயிரம் ரூபாய் உயர்வு. இடைப்பட்ட காலமெல்லாம் மாநிலம் மத்திய அரசைக் கைகாட்டியது, மத்திய அரசு மாநிலத்தை.

பொது சுகாதாரத்துக்குப் பெயர்போன கேரளத்திலா இப்படி என்று கேட்பவர்கள், அங்கே கிராம ஆஸ்பத்திரியின் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1990களின் அதிகாரப் பரவலாக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வந்தன. தமிழ்நாட்டில் அவை இன்றும் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ்தான். பஞ்சாயத்துத் தலைவருக்குப் பெரிதாக வேலை இல்லை. கேரளத்தில் கட்டடப் பழுது, மருந்துத் தட்டுப்பாடு, தற்காலிகமாக இன்னொரு மருத்துவர் என்றால் பஞ்சாயத்து தன் திட்ட நிதியில் கை வைக்கலாம். நிரந்தர மருத்துவர், நர்ஸ் பணியிடங்கள் மாநிலத்தினுடையவை. ஆஷா போன்றவர்கள் வருவது தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே. அதில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40.

2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டம் இந்த நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக்கி, புறநோயாளிகளைப் பார்க்கும் ஓ.பி. நேரத்தை மாலை 6 மணி வரை நீட்டியது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட உபகாரம் வேறில்லை. ஆனால் நேரம் நீண்ட அளவுக்கு ஆள் கூடவில்லை என்று அரசு மருத்துவர்கள் 2018 ஏப்ரலில் வேலைநிறுத்தமே செய்தார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பது எளிது, பணியிடம் உருவாக்குவது கடினம். பிறகு பெயர்ப்பலகைச் சண்டை வேறு. மையங்களுக்கு ‘ஆயுஷ்மான் ஆரோக்ய மந்திர்’ என்று பெயரிடச் சொன்னது டெல்லி. கேரளம் மறுத்தது, நிதி நின்றது. 2024இல் மாநிலம் இறங்கிவந்தது. காய்ச்சலோடு வரிசையில் நிற்பவர் பலகையையா படிக்கப் போகிறார்?

பணமும் பொறுப்பும் ஊருக்குள்ளேயே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வலிதணிப்புச் சிகிச்சை சாட்சி. 1993இல் கோழிக்கோட்டில் தன்னார்வலர்களோடு வேர்விட்ட முயற்சி அது. 2008இல் மாநிலம் அதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே நர்ஸ் போகிறார். செலவின் பெரும்பகுதியைப் பஞ்சாயத்து தாங்குகிறது. திருவனந்தபுரத்தின் மலையோரத்தில் அம்பூரி, குற்றிச்சல் பக்கம் காணிக்காரர் குடியிருப்புகளுக்கு இப்படி வீடு தேடிப் போகும் ஆள்தான் முதல் மருத்துவம். நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிப் பயணம் நெடுங்காலம் படகில்தான் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது, 1951 முதல்.

ஆனால் அதேபோல் வீடு தேடிப் போகும் ஆஷாவின் ஊதியம் மட்டும் எந்தக் கஜானாவிலும் முழுதாகச் சேரவில்லை. போராட்டத்தின் நடுவே சில உள்ளாட்சிகள் சொந்த வருமானத்திலிருந்து ஆஷாக்களுக்குக் கூடுதல் தொகை தருவதாக அறிவித்தன. உடனே எழுந்த கேள்வி, அப்படிக் கொடுக்கப் பஞ்சாயத்துக்கு அதிகாரம் உண்டா என்பது.