அலையை அடக்கும் பனியும் சேறும்

கடல் அலையில் முன்னேறுவது தண்ணீர் அல்ல, ஆற்றல். தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே வட்டமடிக்கிறது. ஆழம் கூடக்கூட வட்டம் சிறுத்து, அலைநீளத்தில் பாதியளவு ஆழத்தில் அடங்கிவிடும். அலையின் உயரம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகும்.

துருவக் கடலில் பனி இந்த ஆற்றலை மேலிருந்து பறிக்கிறது. மிதக்கும் பனிப்பாளங்களில் மோதி அலை நாலாபுறமும் சிதறுகிறது. பாளங்கள் உரசுவதிலும், வளைந்து நிமிர்வதிலும், அவற்றின் அடியில் நீர் தேய்ந்து ஓடுவதிலும் இன்னொரு பங்கு வெப்பமாகிறது. குட்டை அலைகள் பனியின் விளிம்பிலேயே மடியும். நீண்ட அலைகளோ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்ப் பாளங்களை உடைக்கும். அன்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் இந்தியப் பயணங்கள் கடப்பது இந்தப் பனிக்கடலைத்தான்.

கேரளக் கரையில் இதே வேலையைச் சேறு செய்கிறது, அதுவும் கீழிருந்து. இடுக்கி மலைகளிலிருந்து பெரியாறும் பம்பையும், பாலக்காட்டைக் கடந்து பாரதப்புழையும் காலங்காலமாகக் களிமண்ணைக் கடலுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் அலைகள் அடியில் படிந்த சேற்றைக் கலக்கிக் கூழாக்குகின்றன. அலையின் அசைவு தரையைத் தொடும் ஆழமற்ற இடம் அது. மணல் தரை என்றால் அலைக்கு அங்கே இழப்பு குறைவு. கூழோ அலையோடு சேர்ந்து தானும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் உள்ளுராய்வில் ஆற்றல் கரைந்துபோகிறது. சேற்றைக் கிளப்பிய அலையையே சேறு அடக்குகிறது என்பதுதான் இதன் விசித்திரம்.

ஆலப்புழை மாவட்டத்தின் புறக்காடு இதற்குப் பேர்போனது. பக்கத்துக் கரைகளைக் கடல் அரித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே தண்ணீர் ஏரி போலக் கிடக்கும். இழுவலைப் படகுகளுக்குக் கேரளம் 52 நாள் மழைக்காலத் தடை விதிக்கிறது. நாட்டுப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அனுமதி இருந்தாலும் கொந்தளிப்பில் படகை இறக்க முடிய வேண்டுமே! ‘சாகர’ என்று அழைக்கப்படும் இந்தச் சேற்றுக்கரை அமைதிக்கு மீனவர்கள் காத்திருப்பது அதனால்தான். முன்பு மழைக்காலத்தில் கப்பல்களும் ஆலப்புழைச் சேற்றுக்கரையில் நங்கூரமிட்டதுண்டு. கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய ராபர்ட் பிரிஸ்டோ 1938இல் இந்தச் சேற்றுக்கரைகளின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். காயலிலிருந்து நிலத்தடி வழியாகச் சேறு ஊறி வருகிறது என்ற பழைய கருத்தும் ஒன்று உண்டு. மேலே கலங்குவது கடலடியில் ஏற்கெனவே கிடந்த சேறே என்பது பின்னாளில் வலுப்பெற்ற விளக்கம்.

பருவக்காற்று ஓய்ந்ததும் கலக்குவதற்கு வலிய அலை இருக்காது. சேறு படிந்து இறுகிவிடும். சிற்றலைகள் மறுபடியும் கரைவரை வரும்.