மது விலகியும் புகை விலகாதோர்

மது ஹராம் என்பதில் நம்மிடையே இருவேறு கருத்தில்லை. புகையையோ எளிதாகக் கருதுகிறோம். சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊர்களில் குடியை விட்டவர் பீடி பற்றவைத்தால், 'அதுவாவது இருக்கட்டும்' என்கிறோம்.

ஆனால், அமெரிக்காவில் போதைச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பற்றி மாயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட முடிவு வேறு: மரணங்களில் ஏறத்தாழ பாதி புகையிலை சார்ந்தவை, மது சார்ந்தவை மூன்றிலொரு பங்கே.

நிகோட்டினும் மதுவும் மூளையில் டோபமைன் என்னும் ஒரே இன்பப் பாதையைத் தூண்டுகின்றன. ஒன்று மற்றதன் வேட்கையை எழுப்புகிறது. 2004இல் 19 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, சிகிச்சையின்போதே புகையை விடவும் உதவி பெற்றோர் போதையிலிருந்து நெடுங்காலம் விலகியிருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதலாயிருந்தது.

எனவே, 1980இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களுக்கு உறவினரை அழைத்துச் செல்வோர், புகைக்கும் சேர்த்தே மருத்துவம் கேட்க வேண்டும். மீட்ட உயிரைப் புகைக்குப் பறிகொடுப்பது தகுமோ?