பெருஞ்சித்திரனாரும் கைமாற்று அரிசியும்

சங்கப் புலவரைப் பற்றிப் பாடஞ் சொல்லுங்கால், "அவர்கள் இரந்து வாழ்ந்தவர்கள் தாமே, ஐயா?" என்று வினவும் மாணாக்கன் ஒருவன் ஆண்டுதோறும் இருப்பான். வினாத் தவறன்று. பாட்டைக் கொடுத்துப் பொருள் பெற்றவரை வேறென்னென்பது? யான் விடையாகக் காட்டுவது பெருஞ்சித்திரனாரை.

அவர் தம் வறுமையை மறைத்தவரல்லர். குமணனைப் பாடிய பாட்டுக்களிலே (புறம் 159, 160) தம் வீட்டைத் திறந்தே காட்டுகிறார். சாவு வாராமைக்கு நொந்திருக்கும் முதிய தாய். குப்பைக்கீரையை உப்பின்றி அவித்துண்ணும் மனைவி. வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழும் மகன். அவனைப் புலி வருமென்று அச்சுறுத்தியும் நிலாவைக் காட்டியும் அவள் ஆற்றுகிறாள்.

இப்புலவர்தாம் அதியமான் நெடுமானஞ்சியின் பரிசிலை மறுத்தவர். அவன் கொடுத்தது குறைவென்பதன்று காரணம். நேரிற் காணாமற் கொடுத்தனுப்பினான் என்பதே. தம் புலமையின் அளவறிந்து தருவதாயின் தினையளவும் இனிதென்றார் (208). இளவெளிமான் சிறிது கொடுத்தபோதும் கொள்ளாது சென்று, குமணனிடம் யானை பெற்றுவந்து அதனை அவனுடைய ஊர்க் காவன்மரத்திலே கட்டிவிட்டுப் போனார் (162).

1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். நூல் அச்சேறிய பின் இக்கதைகள் மேடையேறின, கைதட்டலும் பெற்றன. அக்கைதட்டலிடையே யான் நினைப்பது அம்மனைவியை. புலவர் மறுத்த பரிசிலின் விலையைக் கீரையுண்டு கொடுத்தவள் அவளன்றோ? மானத்தைப் புகழ்வோர் அடுப்பையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

புலவர் பார்த்தார். ஆதலாலேயே 163ஆம் பாட்டை ஏனையவற்றினும் உயர்வாக மதிக்கின்றேன். குமணன் தந்த செல்வம் முழுவதையும் மனைவியிடம் ஒப்புவித்து, என்னைக் கேளாமலே எல்லோர்க்கும் கொடு என்கிறார். யார் யார்க்கு? அவளை விரும்புவோர்க்கு, அவள் விரும்புவோர்க்கு, சுற்றத்தார்க்கு. அவர்களோடு, பசித்த நாளிலே குறியெதிர்ப்பை தந்தவர்க்கும். குறியெதிர்ப்பையாவது அளந்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுப்பது. நம்மூர் அயல்வீடுகளிலே கைமாற்றாக வாங்கும் அரிசி போல்வது. குமணன் யானை கொடுக்குமுன் அப்புலவரின் வீட்டை உயிரோடு வைத்திருந்தவர் அவ்வயலவரே. அவர்களுக்குப் பட்டம் இல்லை, மலையும் இல்லை. கலையைப் புரந்தோர் வரிசையில் அவர்களை யான் குமணனுக்கு முன்னே வைப்பேன். வள்ளல் எழுவரைப் பட்டியலிட்டு மனனஞ் செய்விக்கும் நம் பாடநூல்களுக்கு இது உவப்பாயிராது.

நம் நூல் வெளியீட்டு விழாக்களை இவ்விடத்து நினையாதிருக்க இயலவில்லை. முதற்பிரதி பெறும் செல்வரின் பெயர் அழைப்பிதழிலே நூலாசிரியர் பெயரினும் பருத்திருக்கும். அவர் தருங் காசோலை அச்சகத்துக்கு வேண்டியதே, அதனை இகழ்கின்றேனல்லேன். ஆயினும், மேடையிற் பெற்ற நூலை அவர் விரித்துப் பார்த்தாரா? கண்டு கொடுத்தாரா, காணாது கொடுத்தாரா? அச்சுக்கூலிக்காக மனைவியின் காப்பு அடைவுக்குப் போன வீடுகள் சிலவற்றையும் யான் அறிவேன். அந்நூல்களின் நன்றியுரையிலே காசோலை தந்தவரின் பெயர் முதலில் இருக்கிறது. காப்பைக் கழற்றித் தந்தவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.