ஸ்கேனில் தவறா? சாதிச் சான்றிதழோடு போனால் வக்கீல் இலவசம்

கர்ப்பிணிக்குப் பல முறை ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்குக் குறை இருப்பதாக எந்த அறிக்கையும் சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்கோ காலும் விரல்களும் முழுமையாக இல்லை. மகாராஷ்டிர மாநிலம் நாக்பூரில் 2006-ல் எடுத்த ஸ்கேன்கள் அவை. சம்பந்தப்பட்ட ஸ்கேன் மையம் 1.25 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2023-ல் உத்தரவிட்டது. இடையில் ஓடியது ஏறக்குறைய 17 ஆண்டுகள். கூலியை விட்டுவிட்டு அத்தனை காலம் கோர்ட்டுக்கு அலைய நம் காலனியில் யாரால் முடியும்?

முடியாது என்று நாம் விட்டுவிடுவதற்கு முதல் காரணம் வக்கீல் ஃபீஸ். ஆனால், 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு பட்டியல் சாதியினருக்கு இலவச வக்கீல் தருகிறது. வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை. பழங்குடியினருக்கும், எந்தச் சாதிப் பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு. கிறிஸ்தவரான தலித் ஆண் மட்டும் வருமான வரம்பைக் காட்ட வேண்டும். ஒரே தெருதான், சட்டம் வேறு!

காசு வாங்கும் மருத்துவமனையும் ஸ்கேன் மையமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1995-ம் ஆண்டு தீர்ப்பு. எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் அரசு மருத்துவமனை அதில் வராது. நம் ஜனம் பெரும்பாலும் போவது அங்கேதான். அங்கே தவறு நடந்தால் சிவில் கோர்ட்டுக்கோ உயர் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். அதற்கும் இலவச வக்கீலைக் கேட்கலாம்.

டாக்டர் கண்ணுக்கு ஒன்று தப்பிவிட்டது என்பதாலேயே வழக்கு ஜெயிக்காது. அதே படிப்பு படித்த சராசரி டாக்டர் ஒருவர் கண்டுபிடித்திருப்பாரா என்றுதான் பார்ப்பார்கள். அதைக் காட்ட ஃபிலிம் வேண்டும், அறிக்கை வேண்டும், பணம் கட்டிய ரசீது வேண்டும். நம் வீடுகளில் எக்ஸ்ரே கவர் இறவாணத்தில் செருகிக் கிடக்கும். ஒரு மழைக்கு ஒட்டிப்போகும். டிரங்குப் பெட்டியில் பட்டாவோடு வையுங்கள். படிக்கிற பிள்ளைகள் அறிக்கையில் பெயர், வயது, தேதி, இடதா வலதா என்பதை அன்றைக்கே சரிபார்த்துவிடலாம். படுத்து வைத்தியம் பார்த்திருந்தால், எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி.

நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 ஆண்டுகள். வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்துவிட்டதாக ஒரு நர்ஸ் தொடுத்த வழக்கு, வலியோடு பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டார் என்பதால் 2010-ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. புகாரை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, தொலைபேசி 15100.