ஓடும் வீட்டுக்கு ஒரு சமையல் மேடை

அமெரிக்காவில் ‘மோட்டார் ஹோம்’ என்றொரு வண்டி உண்டு. நம் ஊரில் சினிமாப் படப்பிடிப்புக்கு வரும் கேரவனை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். படுக்கை, அடுப்பு, சிங்க், குளியலறை எல்லாம் உள்ளே, முன்னால் ஸ்டியரிங். அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் உள்ள வின்னபேகோ நிறுவனம் 1966-ல் இவற்றை வரிசையாகச் செய்து தள்ளத் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி. பெயரில் ஏறத்தாழ 13,000 வண்டிகளைச் செய்து விற்றுவிட்டு நிறுத்திக்கொண்டது. ஐம்பது வயதாகிவிட்ட இந்த வண்டிகளைத் தேடிப் பிடித்து, பழைய மெருகுடன் மீண்டும் ஓடவிடுவதற்கென்றே அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது.

இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள், கூரை ஒழுகலை அடைப்பார்கள், தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவார்கள். கடைசியில் வந்து சிக்கிக்கொள்ளும் இடம் சமையல் மேடை. அதன் மேல் எதைப் போடுவது? வீட்டுச் சமையலறையில் கிரானைட் மின்னுகிறது. வண்டியிலும் அதையே போட்டால் என்ன என்ற ஆசை வருகிறது. கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் அளவைக் கேட்கிறார், நிறத்தைக் கேட்கிறார், விலை சொல்கிறார். எங்கே போடப்போகிறீர்கள் என்று மட்டும் பலர் கேட்பதில்லை.

இது எங்கோ இருப்பவர்களின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கச் சமையலறைகளுக்குப் போன கல்லில் நம் மாநிலத்துக் கல்லும் உண்டு. ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் உலகமெல்லாம் விற்ற வெள்ளைக் கல் மதுரைப் பக்கம் வெட்டப்பட்டது. காஷ்மீருக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. அது கிடக்கட்டும். நடமாடும் டிபன் வண்டி கட்டுகிறேன் என்று நம் கடைக்கே ஒருவர் வந்து கல் கேட்டால், அங்கே பொருந்தும் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

முதலில் எடை, பிறகுதான் அழகு

26 அடி நீள வண்டி ஒன்றில் சமையல் மேடை சுமார் 12 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 3 சென்டிமீட்டர் கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏழரை கிலோ வரும். 12 சதுர அடிக்கு 90 கிலோ. 2 சென்டிமீட்டர் பலகை எடுத்தாலும் 60 கிலோ. குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைக் கல் 2 சென்டிமீட்டரில் 54 கிலோ. ஒன்றரை அங்குல மேப்பிள் மரப்பலகை 30 கிலோ. கோரியன் போன்ற அக்ரிலிக் பலகை 12 மி.மீ. கனத்தில் 24 கிலோ. 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை 12 மி.மீ. பிளைவுட் மேல் ஒட்டினால் 18 கிலோ. அதே பிளைவுட்டின் மேலும் கீழும் லேமினேட் ஒட்டினால் 12 கிலோ. சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டி எடுப்பதைக் கழித்தால் எல்லாமே சற்றுக் குறையும்; ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது.

கனமான கிரானைட்டுக்கும் லேமினேட்டுக்கும் வித்தியாசம் 78 கிலோ. ஒரு முழு ஆளை வண்டியில் ஏற்றி, ஊர் போய்ச் சேரும் வரை ஒரே பக்கச் சுவரோடு நிற்க வைத்ததற்குச் சமம். அந்த எடை தரையிலும் இல்லை, மூன்றடி உயரத்தில் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வண்டி சாய்வதை உயரத்தில் இருக்கும் எடை அதிகப்படுத்தும். ஒரு பக்க டயர் மட்டும் கூடுதலாகச் சுமக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் பிரேக். வேகமாகப் போகும் வண்டியைப் பலமாகப் பிடித்து நிறுத்தினால், மேல்பலகை தன் எடையில் பாதிக்கு மேல் விசையுடன் முன்பக்கம் தள்ளும். மோதல் என்றால் அது பல மடங்காகும். அதைத் தாங்க வேண்டியது எது? ஐம்பது வருடத்துக்கு முன் மெல்லிய பிளைவுட்டில் ஸ்டேபிள் ஆணி அடித்துச் செய்த அலமாரி. அந்தக் காலத்தில் அதன் மேல் லேமினேட் ஒட்டிய பலகைதான் இருந்தது. அதற்குத் தகுந்த பலம்தான் அதற்கு உண்டு. கல் பெயர்ந்து வந்தால் அதற்கு முன்னே உட்கார்ந்திருப்பவர் வண்டி ஓட்டுபவரும் அவர் குடும்பமும்.

எவ்வளவு தாங்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் இருக்கும் தகட்டில் வண்டியின் மொத்த எடை வரம்பு பொறித்திருக்கும். அமெரிக்காவில் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் பொது எடைமேடை உண்டு. டாங்க் நிறையப் பெட்ரோல், தொட்டி நிறையத் தண்ணீர், போகிற ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றோடும் ஏற்றி எடை போட்டு, வரம்பிலிருந்து கழித்தால் மிச்சம் தெரியும். தண்ணீரே லிட்டருக்கு ஒரு கிலோ என்பதைப் பலர் மறந்துபோகிறார்கள். பழைய வண்டியில் ஏர் கண்டிஷனர், பெரிய பேட்டரி, சூரிய ஒளித் தகடு என்று ஏற்கனவே சேர்த்திருப்பார்கள். மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது.

கல்லுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. வீட்டு மேடை அசையாது. வண்டியின் உடலோ ஒவ்வொரு குழியிலும் முறுக்கிக்கொள்ளும். சிங்க்குக்கு வெட்டிய இடத்தில் முன்னும் பின்னும் மூன்று விரல் அகலத்துக்குத்தான் கல் நிற்கும். விரிசல் அங்கேதான் விழும். டைல்ஸ் ஒட்டலாமே என்பவர்களுக்கும் இதே பதில்தான்: டைல் நின்றாலும் இடையில் உள்ள சிமென்ட் பூச்சு நிற்காது.

கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கும் வழி இல்லாமல் இல்லை. சில மி.மீ. கனத்துக்குக் கல்லைச் சீவி, அலுமினியத் தேன்கூட்டுப் பலகையின் மேல் ஒட்டித் தருகிறார்கள். சொகுசுப் படகுகளிலும் லிஃப்டுகளிலும் அதைத்தான் போடுகிறார்கள். விலை கேட்டால் பாதிப் பேர் லேமினேட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

குவார்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இதில் பத்தில் ஒன்பது பங்கு படிகக் கல் தூள்தான். காய்ந்தபடி அறுத்தால் கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் நோயைத் தரும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் இந்தக் கல்லைத் தடையே செய்துவிட்டது. மூடிய வண்டிக்குள் உட்கார்ந்து கிரைண்டரால் ஓரம் வெட்டும் வேலையை யாருக்கும் சொல்லக்கூடாது.

பழைய நண்பன் லேமினேட்

1912-ல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓகானர் என்ற இருவர், மின்சாரக் கருவிகளில் காப்புப் பொருளாக இருந்த மைக்காவுக்கு மாற்றாகப் பிசின் ஊறிய அடுக்குத் தாளைக் கண்டுபிடித்தார்கள். ‘மைக்காவுக்குப் பதில்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் ஃபார்மிகா. நம் தச்சர்களோ இன்றும் ‘மைக்கா ஒட்டணும்’ என்றுதான் சொல்கிறார்கள். எதற்குப் பதிலாக வந்ததோ, அதன் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

பழைய வண்டியைப் புதுப்பிப்பவருக்கு லேமினேட் எடையில் மட்டும் லாபம் அல்ல. தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளிவந்தபோது இருந்ததும் அதுவே. அந்தக் காலத்துத் தோற்றத்தைக் காப்பாற்றினால் வண்டியின் மதிப்பும் நிற்கும். 1950-ல் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வரைந்த ‘ஸ்கைலார்க்’ போன்ற பழைய கோலங்களுக்கு இன்றும் விரும்பிக் கேட்பவர் உண்டு. என் கருத்தைக் கேட்டால், பத்துக்கு எட்டு வண்டிகளுக்கு லேமினேட்டைத் தவிர வேறு யோசனையே தேவையில்லை.

ஆனால் அடியில் என்ன பலகை என்பதில்தான் வேலை இருக்கிறது. பழைய மேடைகளில் பலவற்றின் அடியில் பார்ட்டிகிள் போர்டு இருக்கும். சிங்க் ஓரமாக நீர் இறங்கினால் அது பிஸ்கட் போல ஊதிவிடும். அதற்குப் பதில் தண்ணீர் தாங்கும் பிளைவுட் போட வேண்டும். நம் நாட்டுத் தரத்தில் சொன்னால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை. மேலே மட்டும் லேமினேட் ஒட்டி அடியை அப்படியே விட்டால் பலகை நாளடைவில் வளையும். எனவே அடியிலும் ஒரு சாதாரணத் தாளை ஒட்ட வேண்டும். சிங்க்குக்கு அறுத்த விளிம்பு முழுவதும் எபாக்சி பூசி, காய்ந்த பிறகே சிங்க்கை இறக்க வேண்டும். அடியில் தொங்கும் சிங்க்கைவிட, மேலே விளிம்பு உட்காரும் சிங்க்கே லேமினேட்டுக்கு ஏற்றது. அறுபட்ட முனை மறைந்துவிடும்.

லேமினேட்டின் குறை சூடு. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைத்தால் தழும்பு விழும். வண்டியில் இறக்கி வைக்க வேறு இடமும் குறைவு. அடுப்பை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு ஸ்டீல் தகடு பதித்துவிட்டால் தீர்ந்தது.

மேடை முழுவதையும் ஸ்டீலாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஓட்டல் சமையலறைபோல உறுதி, துடைக்க எளிது. அடியில் பிளைவுட் ஒட்டாவிட்டால் போகும் வழியெல்லாம் டமடமவென்று சத்தம் வரும். கீறலைப் பார்த்து வருத்தப்படுபவருக்கு அது வேண்டாம்.

மரம் பார்க்க அழகு. அரிசோனாவின் வறண்ட பாலைவனத்தில் கிளம்பி ஃபுளோரிடாவின் ஈரக்காற்றில் போய் நிற்கும் வண்டியில் மரம் சுருங்கியும் விரிந்தும் தவிக்கும். திருகாணித் துளைகளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் போட்டு, பலகை நகர இடம் விட வேண்டும். எண்ணெய் பூசுவதையும் மறக்கக் கூடாது. ஒன்றரை அங்குலம் தேவையில்லை, முக்கால் அங்குலமே போதும்; எடையும் பாதியாகும்.

கையில் பணம் உள்ளவருக்கு அக்ரிலிக் பலகை நல்ல நடுவழி. டூபாண்ட் நிறுவனம் 1967-ல் உருவாக்கிய கோரியன்தான் இதில் மூத்தது. கல்லைப்போல விறைப்பாக நிற்காமல் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். இணைப்பும் தெரியாது.

மூக்கில் ஏறும் விஷயம்

2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு டிரெய்லர் வீடுகளைக் கொடுத்தது. குடிபோனவர்கள் கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று புகார் செய்தார்கள். உள்ளே இருந்த பலகைகளின் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிவது முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. 2008-ல் அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் சோதித்து, அளவு கூடுதலாக இருப்பதை உறுதி செய்தது. 2010-ல் பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். ஆகியவற்றுக்குக் கசிவு வரம்பு வைத்துச் சட்டமே வந்துவிட்டது. அங்கே இன்று விற்கும் பலகையிலும், அதில் செய்த சாமானிலும் ‘டி.எஸ்.சி.ஏ. டைட்டில் 6’ என்ற முத்திரை இருந்தாக வேண்டும். இங்கிருந்து அனுப்பும் சரக்குக்கும் இதில் விலக்கு இல்லை. சிறிய, மூடிய அறையில் படுத்துத் தூங்கப்போகிறவர்களுக்கான பலகை என்பதால், மலிவு விலைப் பலகையைத் தலையில் கட்டுவது வியாபாரமாகாது.

அளவெடுப்பதும் உள்ளே கொண்டுபோவதும்

பழைய வண்டியில் எந்த மூலையும் சரியான மட்டத்தில் இருக்காது. பழைய மேல்பலகையை உடைக்காமல் கழற்றி, அதையே மாதிரியாக வைத்து வெட்டுவது உத்தமம். அது உளுத்துப் போயிருந்தால் அட்டையை வெட்டி ஒட்டி மாதிரி எடுக்கலாம். கழற்றியதும் அடியில் மரம் கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் ஜன்னலோ கூரையோ ஒழுகுகிறது. அதை அடைக்காமல் மேலே எதைப் போட்டாலும் வீண்.

வண்டியின் கதவு இரண்டடிக்குச் சற்று மேல்தான் அகலம். ஏறியதும் திரும்ப வேண்டும். ஆறடி நீளக் கல் அந்தத் திருப்பத்தில் நுழையாது. உடைத்து இரண்டாக்கித்தான் கொண்டுபோக வேண்டும். பிளைவுட் பலகையைச் சாய்த்தோ, ஜன்னலைக் கழற்றியோ உள்ளே விட்டுவிடலாம். கடையிலேயே ஒட்டிக் கொடுப்பவர் கதவின் அளவையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

எட்டுக்கு நாலு தாள் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால், ஒரு பாதி மேடைக்குப் போதும். மறுபாதியில் மடக்கு மேசைக்கும் ஓரப் பட்டைக்கும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே தாளில் எடுப்பது முக்கியம். இன்னொரு தடவை வாங்கினால் வேறு தொகுதிச் சரக்கு வந்து நிறம் சற்று மாறி நிற்கும். தாளின் பின்னால் அச்சிட்ட தொகுதி எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுத்தால், பின்னால் ஓரம் பெயர்ந்து ஒரு துண்டு கேட்டு வரும்போது அதே எண்ணில் இருப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம்.